பொம்மை பிடிக்கும் மெஷின் சூதாட்டமா? பெற்றோர் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

மால்களிலும் கேம் ஜோன்களிலும் ஒரு கண்ணாடிப் பெட்டி நிற்கும். உள்ளே பொம்மைகள் குவிந்திருக்கும், மேலே மூன்று விரல் கொண்ட இரும்புக் கை ஒன்று தொங்கும். காசு போட்டு, ஜாய்ஸ்டிக்கால் கையை நகர்த்தி, பட்டனை அழுத்தினால் கை இறங்கிப் பொம்மையைப் பிடிக்கும். பிடித்த பொம்மை ஓட்டை வரை வந்து விழுந்தால் அது நமக்கு.

போன கோடை விடுமுறையில் என் ஏழு வயது மகள் இதன் முன்னால் நின்றாள். ஓர் ஆட்டத்துக்கு 60 ரூபாய். கார்டில் போட்ட 500 ரூபாயில் 480 எட்டே ஆட்டத்தில் கரைந்தது, பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "அம்மா, இன்னும் ஒரே ஒரு தடவை. இந்தத் தடவை கண்டிப்பா வந்துடும்" என்றாள். லாட்டரிச் சீட்டு விற்ற காலத்தில் எங்கள் தெருவில் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட அதே பேச்சு. அன்று வீட்டுக்கு வந்து இந்த மெஷினைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அதன்பிறகு பள்ளி வாசலிலும் குடும்ப வாட்ஸப் குழுக்களிலும் மற்ற பெற்றோர் என்னிடம் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். இது சூதாட்டமா, இல்லையா?

எந்த மெஷின் என்பதைப் பொறுத்தது. பொதுவாகச் சூதாட்டத்துக்கு மூன்று அடையாளங்கள் சொல்வார்கள்: பணம் கட்ட வேண்டும், முடிவு அதிர்ஷ்டத்தின் கையில் இருக்க வேண்டும், ஜெயித்தால் மதிப்புள்ள ஏதாவது கிடைக்க வேண்டும். இந்த மெஷினில் பணம் கட்டுகிறோம், பரிசும் உண்டு. மிச்சம் இருப்பது நடுவில் உள்ள ஒன்றுதான். முடிவைத் தீர்மானிப்பது குழந்தையின் கையா, மெஷினுக்குள் இருக்கும் செட்டிங்கா?

ஒவ்வொரு முறையும் கை ஒரே பலத்தோடு பிடித்தால் அது திறமை விளையாட்டு. குறி தவறினால் குழந்தையின் தவறு, பழகினால் முன்னேறலாம். ஆனால் எந்த ஆட்டத்தில் கை இறுக வேண்டும் என்பதை மெஷினே முடிவு செய்கிறது என்றால், ஜாய்ஸ்டிக் வெறும் அலங்காரம். அதைச் சூதாட்டம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. அதிலும் இது அதிர்ஷ்டம் என்று ஆடுபவரிடம் சொல்லாத சூதாட்டம். லாட்டரி வாங்குபவருக்காவது அது லாட்டரி என்று தெரியும்.

செட்டிங் என்கிறீர்களே, உண்மையிலேயே அப்படி ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. இது ரகசியமும் இல்லை. மெஷின் தயாரிப்பாளர்கள் வாங்குபவருக்குக் கொடுக்கும் கையேட்டிலேயே எழுதியிருக்கும். இப்படிப்பட்ட மெஷின்களைப் பழுது பார்க்கும் ஒருவர், என் தம்பியின் நண்பர், ஒருநாள் பொறுமையாக எனக்கு விளக்கினார்.

விரல்களை மூட வைப்பது ஒரு மின்காந்தச் சுருள். அதற்குப் போகும் மின்சாரம் அதிகமானால் பிடி இறுகும், குறைந்தால் தளரும். எவ்வளவு போக வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு சொல்கிறது. பெரும்பாலான மெஷின்களில் இரண்டு பலங்கள் வைக்கலாம், வலுவான பிடி ஒன்று, தளர்ந்த பிடி ஒன்று. தளர்ந்த பிடியிலும் விரல்கள் பொம்மையைச் சுற்றி அழகாக மூடும். தொட்டுத் தூக்கப் பார்க்கும். ஆனால் தாங்காது.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. அதைக் கேட்டபோதுதான் எனக்கு உள்ளபடியே கோபம் வந்தது. கீழே இருக்கும்போது வலுவாகப் பிடித்துவிட்டு, மேலே தூக்கியபின் மின்சாரத்தைக் குறைக்கவும் மெஷினுக்குச் சொல்லி வைக்கலாம். பொம்மை கிளம்பும், பாதித் தூரம் வரும், குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும், ஓட்டைக்கு ஒரு சாண் முன்னால் நழுவி விழும். "ச்சே, கொஞ்சத்துல போச்சு!" என்று அடுத்த ஆட்டத்துக்குக் கை நீளும். என் மகளின் எட்டு ஆட்டத்தில் இப்படி மூன்று முறை விழுந்தது. தன் கை நடுங்கியதால்தான் விழுந்தது என்று அவள் நம்பினாள். தூக்கியபிறகு அவள் கைக்கு அங்கே வேலையே இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்கும் தெரியாது.

எத்தனை ஆட்டத்துக்கு ஒருமுறை வலுவான பிடி வர வேண்டும் என்பதையும் கடைக்காரர் எண்ணாகவே போட்டுவிடலாம். சில மெஷின்களில் ஆட்டக் கட்டணம், பொம்மையின் அடக்க விலை, வேண்டிய லாபம் ஆகியவற்றைக் கொடுத்தால் போதும், மீதியை மெஷினே கணக்குப் போட்டுக்கொள்ளும். இவை எல்லாம் இல்லாமல், பொம்மைகளை நெருக்கி அடுக்கி வைத்தாலே உருவுவது கடினமாகிவிடும். அதற்கு மின்சாரமும் தேவையில்லை, நிரப்புகிறவரின் கை போதும்.

ஒரு பொம்மைக்கு உண்மையில் எவ்வளவு செலவாகும்?

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். ஆட்டம் 60 ரூபாய், வலுவான பிடி 15 ஆட்டத்துக்கு ஒருமுறை என்று வையுங்கள். அப்படியானால் ஒரு பொம்மை வெளியே வருவதற்குள் சராசரியாக 900 ரூபாய் உள்ளே போயிருக்கும். மொத்த விலையில் அந்தப் பொம்மை 150 ரூபாய் என்றால் மீதி 750 ரூபாய் வாடகை, மின்சாரம், சம்பளம், லாபம். வலுவான பிடி வந்த ஆட்டத்திலும் குழந்தை குறி தவறலாம். அப்போது 900 இன்னும் ஏறும்.

பலர் சறுக்குவது "15-ல் ஒன்று" என்பதைப் புரிந்துகொள்வதில்தான். 15 தடவை ஆடினால் நிச்சயம் ஒன்று வரும் என்று நினைக்கிறோம். மெஷின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தனியாகக் குலுக்கிப் போடும் வகையாக இருந்தால், 15 தடவையும் வெறுங்கையோடு நிற்கும் வாய்ப்பு 100-க்கு 35. அதாவது 900 ரூபாய் செலவழித்த மூன்று குழந்தைகளில் ஒரு குழந்தைக்கு ஒன்றுமே கிடைக்காது.

எண்ணிக் கொடுக்கும் மெஷின்கள் வேறு மாதிரி. குறிப்பிட்ட தொகை சேர்ந்ததும் கையை இறுக்கும். அப்போது உங்கள் பிள்ளை 700 ரூபாய் போட்டுவிட்டு அழுதுகொண்டே நகர, அடுத்து வந்த குழந்தை முதல் ஆட்டத்திலேயே பொம்மையோடு போகும். "அந்தப் பாப்பாவுக்கு எவ்வளவு லக்கு" என்போம். உங்கள் பிள்ளையின் பணம்தான் அது.

ஆனால் யூட்யூபில் சிலர் எடுத்துக்கொண்டே இருக்கிறார்களே? திறமையே இல்லை என்று எப்படிச் சொல்வது?

திறமையே இல்லை என்று நான் சொல்லவில்லை. எந்தப் பொம்மை தனியாகக் கிடக்கிறது, எது ஓட்டைக்கு அருகில் இருக்கிறது, எதன் தலை கனம், இதையெல்லாம் பார்க்கத் தெரிந்தவருக்குப் பலன் உண்டு. அடுத்தவர் ஆட்டத்தை எண்ணிப் பார்த்து, மெஷின் கொடுக்கும் நேரம் பார்த்து நுழைகிறவர்களும் இருக்கிறார்கள். அது கையின் திறமை இல்லை, காத்திருக்கும் திறமை.

ஜப்பானில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே 1985-ல் சேகா நிறுவனம் கொண்டுவந்த யூஎஃப்ஓ கேட்சர் என்ற மெஷின் பெரிய அலையைக் கிளப்பியது. அந்த வகையில் இரண்டு விரல் கைதான். தூக்குவதைவிடத் தள்ளுவதும் புரட்டுவதும் முக்கியம். இரண்டு கம்பிகள் மேல் வைத்திருக்கும் பெட்டியை ஒவ்வோர் ஆட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி விழவைப்பார்கள். திணறுகிறவருக்கு ஊழியரே வந்து பொம்மையைச் சாதகமாக வைத்துக் கொடுப்பதும் உண்டு. போட்ட காசுக்கு முன்னேற்றம் கண்ணெதிரே தெரியும். அதற்காக ஜப்பானில் எல்லாமே அப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். நிகழ்தகவை வைத்து இயங்கும் மூன்று விரல் மெஷின்கள் அங்கேயும் உண்டு.

வீடியோக்களைப் பொறுத்தவரை ஒன்றுதான். தோற்ற ஆட்டங்களை யாரும் பதிவேற்றுவதில்லை.

குழந்தை ஏன் அங்கிருந்து நகரவே மாட்டேன் என்கிறது? அடம்தானே?

அடம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பெரியவர்களையே இது பிடித்து நிறுத்தும்.

அமெரிக்க உளவியலாளர் எலன் லாங்கர் 1975-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரு டாலர் லாட்டரிச் சீட்டைச் சிலருக்குத் தாங்களே தேர்ந்தெடுக்க விட்டார், சிலருக்குக் கையில் திணித்தார். பிறகு அதைத் திருப்பி விற்க என்ன விலை வேண்டும் என்று கேட்டபோது, திணிக்கப்பட்டவர்கள் சராசரியாக 1.96 டாலர் கேட்டார்கள். தாங்களே எடுத்தவர்கள் கேட்டது 8.67 டாலர். இரண்டு சீட்டுக்கும் ஜெயிக்கும் வாய்ப்பு ஒன்றுதான். "நான் எடுத்தது" என்ற எண்ணம் மட்டும் அதன் மதிப்பை நான்கு மடங்குக்கு மேல் ஏற்றிவிட்டது. இதற்குக் கட்டுப்பாட்டு மாயை என்று பெயர். பொம்மை மெஷினில் அந்த மாயைக்கு ஒரு கைப்பிடியே வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், அதுதான் ஜாய்ஸ்டிக்.

இரண்டாவது, மயிரிழையில் தோற்பது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த லூக் கிளார்க்கும் அவரது குழுவும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஸ்லாட் மெஷின் (சுழலும் படங்கள் ஒன்றாகப் பொருந்தினால் ஜெயிக்கும் சூதாட்ட மெஷின்) போன்ற ஓர் ஆட்டத்தில் கிட்டத்தட்ட ஜெயிக்க இருந்து தோற்கும்போது, ஜெயிக்கும்போது வேலை செய்யும் மூளைப் பகுதிகளே தூண்டப்படுவதைப் பார்த்தார்கள். தோற்றது வருத்தமாக இருந்தாலும் மறுபடி ஆடும் ஆசை கூடியது. ஆடுபவர் தானே தேர்ந்தெடுத்து ஆடியபோதுதான் அந்த ஆசை கூடியது என்பதை கவனியுங்கள். இவை பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வுகள். ஏழு வயதுப் பிள்ளைக்கு மட்டும் தப்பிக்கும் வலு எங்கிருந்து வரும்?

நாங்களும் சின்ன வயதில் பெட்டிக்கடையில் சீட்டு கிழித்தோம், திருவிழாவில் வளையம் எறிந்தோம். கெட்டா போய்விட்டோம்?

நானும் கிழித்திருக்கிறேன். அட்டையில் வரிசையாக ஒட்டியிருக்கும் சீட்டு, கிழித்தால் ஒரு நம்பர், நம்பருக்கு ஒரு மோதிரமோ பலூனோ. பெரிய பலூன் கடைசி வரை அட்டையின் உச்சியில் தொங்கிக்கொண்டே இருக்கும். அந்த நம்பர் எங்கள் யாருக்கும் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. கெட்டுப் போகவில்லை, சரிதான்.

ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். சீட்டில் நாங்கள் ஏமாந்தது ஒருசில காசு. சீட்டு தீர்ந்தால் ஆட்டமும் தீர்ந்தது. அது அதிர்ஷ்டம் என்று ஐந்து வயதிலேயே எங்களுக்குத் தெரியும், "எனக்கு லக்கே இல்ல" என்றுதான் சொல்வோமே தவிர, "நான் சரியாகக் கிழிக்கவில்லை" என்று யாரும் சொன்னதில்லை. திருவிழாவில் வளையம் எறிவது இன்னும் நேர்மையானது. சோப்புப் பெட்டிக்கு வளையம் சிறியதாக இருக்கும், அதுவும் தந்திரம்தான். ஆனால் அந்த வளையம் உங்கள் கையில் இருக்கிறது, அளந்து பார்க்கலாம், எறிந்தபிறகு அது நடுவானில் சுருங்காது. அதே திருவிழாவில் பணம் வைத்து லங்கர் கட்டை என்ற சூதாட்டப் பகடை உருட்டும் இடத்துக்குப் பிள்ளைகளை யாரும் விடமாட்டார்கள். பெரியவர்களுக்கு எது விளையாட்டு, எது சூது என்று ஒரு கோடு தெரிந்திருந்தது. இந்த மெஷின் வளையம் எறிவது போலத் தோற்றம் கொண்டு, உள்ளே லங்கர் கட்டையாக இருக்கிறது. அதனால்தான் அந்தக் கோடு நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

அப்புறம், கார்டு. அப்போது அப்பா பாக்கெட்டிலிருந்து எடுத்த காசு குறைவது பிள்ளைக்குத் தெரியும். இப்போது கார்டைத் தேய்த்தால் விளக்கு எரிகிறது, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே பழைய சட்டம் 1930-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம். பொம்மை மெஷினைப் பெயர் சொல்லி அதில் எதுவும் இல்லை, திறமையை மட்டும் கொண்ட விளையாட்டுகளுக்கு அது பொருந்தாது என்ற விலக்கு மட்டும் இருக்கிறது. அந்தத் திறமை முழுக்க முழுக்க இருக்க வேண்டியதில்லை, அதிர்ஷ்டத்தைவிட ஓங்கி இருந்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் விளக்கியிருக்கிறது. 1957-ல் சமர்பாக்வாலா வழக்கிலிருந்து இந்த வழி தொடங்குகிறது. 1968-ல் ரம்மி திறமை விளையாட்டு என்றார்கள். 1996-ல் லட்சுமணன் வழக்கில் குதிரைப் பந்தயத்தையும் அப்படியே சொன்னார்கள்.

நம் கேள்விக்கு மிக அருகில் வருவது 1995-ல் வந்த எம்.ஜே. சிவானி வழக்கு. வீடியோ கேம் கடைகளுக்குக் கட்டுப்பாடு விதிக்கலாமா என்பது அதில் கேள்வி. விதிக்கலாம் என்றது நீதிமன்றம். மெஷினில் கைவைத்து மாற்றிவிட்டால் எவ்வளவு திறமைசாலி ஆடினாலும் ஜெயிக்க முடியாமல் போகும், அப்போது அது அதிர்ஷ்ட விளையாட்டாகிவிடும் என்ற கருத்தும் தீர்ப்பில் இருக்கிறது. பிடியின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் பொம்மை மெஷினுக்கு இந்த வரி அப்படியே பொருந்தும் என்பது என் வாசிப்பு. நான் வழக்கறிஞர் அல்ல, ஒரு தாய்.

2022-ல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டமும் 2025-ல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டமும் இணையவழி விளையாட்டுகளுக்கானவை. மாலில் நிற்கும் இரும்புப் பெட்டிக்கு அவை பொருந்தாது. 2003-ல் லாட்டரியையே தடை செய்த மாநிலம் இது. பெரியவர் கையிலிருந்து சீட்டைப் பிடுங்கிய நாம், பிள்ளை கையில் ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்கிறோம்.

மற்ற நாடுகளில் இதை எப்படிப் பார்க்கிறார்கள்?

அமெரிக்காவில் இது பழைய சண்டை. இந்த மெஷின்கள் நூறாண்டுக்கு முன்னால் அங்கேதான் பரவின. பனாமா கால்வாய் தோண்டிய ராட்சத இயந்திரங்களைப் பார்த்து உருவானவை என்பதால் ஆரம்ப காலத்தில் அவற்றுக்கு டிக்கர், அதாவது தோண்டி என்றே பெயர். வில்லியம் பார்ட்லெட் என்பவர் 1932-ல் காப்புரிமை பெற்ற மயாமி டிக்கர் அவற்றில் புகழ்பெற்றது. 1951-ல் வந்த ஜான்சன் சட்டம், மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகக் கூடாத சூதாட்டக் கருவிகளோடு இவற்றையும் சேர்த்தது. பிறகு, காசுத் துளை இல்லாத, திருவிழாக்களுக்கென்று செய்த தோண்டிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். டெக்சாஸ் மாநிலச் சட்டம் இன்றும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பரிசு பணமாக இருக்கக் கூடாது. அதன் மொத்த விலை ஆட்டக் கட்டணத்தைப் போல் 10 மடங்கு அல்லது 5 டாலர், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சூதாட்டக் கருவி. பொம்மைகளை மனதில் வைத்து எழுதிய இந்த விலக்குக்குப் பஞ்சு மிருக விலக்கு என்றே அங்கே பெயர்.

பிரிட்டன் ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொள்கிறது. 2005-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்தின் கீழ் இவை டி வகைச் சூதாட்ட மெஷின்கள். ஆட்டத்துக்கு அதிகபட்சம் 1 பவுண்டு, பரிசு அதிகபட்சம் 50 பவுண்டு மதிப்பு, அதுவும் பொருளாக மட்டும். சூதாட்டம் என்று பெயரிட்ட பிறகும் குழந்தைகளுக்கு வயது வரம்பு இல்லை. கடற்கரை ஊர்களில் குடும்பத்தோடு ஆடும் பழக்கம் அங்கே அவ்வளவு பழையது. அந்நாட்டுச் சூதாட்ட ஆணையம் 11 முதல் 17 வயதுள்ளவர்களிடம் நடத்திய 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், அதற்கு முந்தைய ஓராண்டில் சொந்தப் பணத்தை இப்படிப்பட்ட ஆர்கேட் மெஷின்களில் போட்டவர்கள் 19 சதவீதம். சூதாட்டம் என்று அவர்கள் எண்ணும் எல்லா வகைகளிலும் பிள்ளைகளிடம் முதலிடம் இதற்குத்தான்.

ஜப்பானில் பரிசின் மதிப்புக்குக் கட்டுப்பாடு. ஏறக்குறைய 800 யென் என்று இருந்ததை 2022-ல் 1,000 யென்னாக உயர்த்தினார்கள். தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் சிங்கப்பூரில், 2022-ல் நடைமுறைக்கு வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டத்தோடு இந்த மெஷின்களின் பரிசுக்கு 100 சிங்கப்பூர் டாலர் உச்சவரம்பு வந்தது.

எனக்குப் பிடித்தது தைவானின் வழி. அங்கே தெருவுக்குத் தெரு இந்த மெஷின் கடைகள் உண்டு. அவற்றைச் சூதாட்டம் என்றும் சொல்லாமல், வெறும் விளையாட்டு என்றும் சொல்லாமல், பொருள் விற்கும் மெஷின் என்று வைத்தார்கள். விற்பனை என்றால் விலை வேண்டுமே. அதனால் ஒவ்வொரு மெஷினிலும் உறுதித் தொகை ஒன்று எழுதியிருக்க வேண்டும். அவ்வளவு பணம் போட்டுவிட்டால், பொருள் கிடைக்கும் வரை மெஷின் விடாமல் இறுக்கிப் பிடிக்க வேண்டும். அந்தத் தொகை ஓர் உச்சவரம்பைத் தாண்டக் கூடாது, பொருளின் மதிப்பு அந்தத் தொகையில் 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று விதி செய்தார்கள். உள்ளே நுழையும்போதே அதிகபட்ச நஷ்டம் என்ன என்று தெரிந்துவிடுகிறது. அப்பாவும் பிள்ளையும் நின்று பேசி முடிவெடுக்கலாம்.

பணம் கிடைப்பதில்லை, பஞ்சுப் பொம்மைதானே கிடைக்கிறது? அது எப்படிச் சூதாகும்?

பரிசு சிறியது என்பதால் கெடுதல் சிறியது, அதை ஏற்றுக்கொள்கிறேன். பொம்மைக்குப் பதில் ஐபோன் வைத்திருக்கும் மெஷின்களைப் பார்த்தால் இந்தக் கேள்விக்கே இடமிருக்காது. ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கரடி பொம்மை சின்ன விஷயம் இல்லை. பரிசின் மதிப்பை நம் சம்பளத்தை வைத்து அளக்கக் கூடாது.

இதை ஆடினால் என் பையன் வளர்ந்து சூதாடி ஆகிவிடுவானா?

இல்லை, அப்படிப் பயமுறுத்த எனக்கு மனமில்லை. இந்த மெஷினை ஆடிய பெரும்பாலான குழந்தைகள் ஒன்றும் ஆகாமல்தான் வளர்கிறார்கள். பிறந்தநாளுக்கு நாலு ஆட்டம் ஆடி, சிரித்துவிட்டு வந்தால் அதில் கவலைப்பட எதுவும் இல்லை. நான் கவலைப்படுவது அந்தப் பிள்ளை அங்கே கற்றுக்கொள்ளும் பாடத்தைப் பற்றி. போன பணத்தை எடுக்க இன்னும் பணம் போட வேண்டும், தோற்றால் ஜெயிப்பு நெருங்குகிறது, இப்போது விட்டுப் போனால் போட்டதெல்லாம் வீண். மூன்றும் பொய். மூன்றையும் அந்தப் பெட்டி பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

பார்க்க வேண்டிய அறிகுறி ஆட்டத்தின் எண்ணிக்கை இல்லை. சேர்த்து வைத்த காசை உங்களுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போகிறானா, தோற்றபிறகு வேறு எதிலும் மனம் செல்லாமல் இருக்கிறானா, செலவழித்ததைப் பற்றிப் பொய் சொல்கிறானா என்று பாருங்கள். அப்படியிருந்தால் மெஷினைப் பற்றிப் பேசுவதற்கு முன் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள்.

டிக்கெட் கொட்டும் மெஷின்கள், போனில் திறக்கும் பெட்டிகள் எல்லாம்?

எல்லாம் ஒரே குடும்பம். போன் கேம்களில் காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளைப் பெல்ஜியம் 2018-லேயே சூதாட்டம் என்றது. உள்ளே எது என்று தெரியாமல் வாங்கும் பொம்மைப் பெட்டிகளை 8 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்று சீனா 2023-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. போனில் உள்ளவை எனக்கு இன்னும் அதிகப் பயம், அங்கே கடை மூடும் நேரம் கிடையாது.

பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? வேண்டாம் என்றால் அழுகிறாள்.

நான் தடை போடவில்லை. மெஷினின் உள்ளே நடப்பதைச் சொல்லிக் கொடுத்தேன். வீட்டில் ஒரு டப்பாவில் 14 வெள்ளைப் பொத்தானும் ஒரு சிவப்புப் பொத்தானும் போட்டு, கண்ணை மூடி எடுக்கச் சொன்னேன். எடுத்ததைத் திரும்பப் போட்டுக் குலுக்கி, மறுபடி எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் மட்டும் கை இறுகும், வெள்ளை வந்தால் நீ எவ்வளவு சரியாகக் குறி வைத்தாலும் நழுவும் என்றேன். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நோட்டில் 60 என்று எழுதச் சொன்னேன். அன்றைக்குச் சிவப்பு 23-வது தடவையில் வந்தது. கூட்டிப் பார்த்தாள், 1,380. "இதுக்கு நாலு பொம்மை வாங்கலாமே" என்றாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாலுக்குப் போனால் இப்போது எங்களுக்குள் ஒரு பழக்கம். முதலில் பத்து நிமிடம் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்து எண்ணுவோம். எத்தனை ஆட்டம் என்பதைக் கார்டு தேய்ப்பதற்கு முன்னாலேயே பேசிவிடுவோம், இரண்டு என்றால் இரண்டு. பாவம் பிள்ளை என்று தாத்தா மூன்றாவது ஆட்டத்துக்குப் பணம் கொடுக்கக் கூடாது. எங்கள் வீட்டில் கடினமாக இருந்தது தாத்தாவைச் சம்மதிக்க வைத்ததுதான்.

பொம்மை ஓட்டையின் விளிம்பில் சிக்கிக்கொண்டால்?

மெஷினை ஆட்ட வேண்டாம், கையையும் உள்ளே விட வேண்டாம். நகராமல் நின்றுகொண்டு ஊழியரைக் கூப்பிடுங்கள். பணம் போட்டும் மெஷின் ஓடாமல், அதைத் திருப்பித் தரவும் மறுத்தால், போட்டோவும் பில்லும் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

கேம் ஜோன் நடத்துகிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்? மூடச் சொல்கிறீர்களா?

மூடச் சொல்லவில்லை. வாடகை கட்டி, பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுத்துத் தொழில் செய்கிறார்கள், லாபம் வேண்டும்தான். தைவான் போல ஓர் உறுதித் தொகை வைக்கலாம். தூக்கியபிறகு பிடியைத் தளர்த்தும் செட்டிங்கை அணைத்துவிடலாம், அதனால் வருமானம் கொஞ்சம் குறையும், குறையட்டும். அதற்கும் மனமில்லை என்றால் குறைந்தபட்சம் மெஷினுக்குள் போட்டிருக்கும் அந்த எண்ணை வெளியே எழுதுங்கள். "இந்த மெஷினில் கை இறுகுவது 15 ஆட்டத்துக்கு ஒருமுறை" என்று தமிழில், பெரிய எழுத்தில், ஏழு வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு நேரே, ஜாய்ஸ்டிக்குக்குப் பக்கத்தில்.